அரக்கில் பதிந்த மோதிரம்

அந்த மரப்பெட்டியை நான் திறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. உள்ளே நான்கு பாட்டில்கள் என்று நீதிமன்றப் பதிவேட்டில் எழுதியிருந்தது. எழுத்தர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவரும் போட்டிருந்தார். வேறு எந்த அரசு வழக்கறிஞராக இருந்தாலும் சரி என்று தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார். எனக்கு எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்ப வராது. பூந்தமல்லி நீதிமன்றத்தின் மாடிக்கு எத்தனை படி, என் மேசையிலிருந்து சாட்சிக் கூண்டுக்கு எத்தனை எட்டு, ஆவடியிலிருந்து வரும் பேருந்து எத்தனை இடத்தில் நின்று கிளம்பும் என்பதெல்லாம் என் தலைக்குள் கிடக்கிறது. வேண்டுமென்று எண்ணுவதில்லை. எண்ண மறந்தால் திரும்பிப் போய் முதல் படியிலிருந்து ஏறுவேன்.

அப்போது எனக்கு அறுபத்தாறு வயது. ஓய்வு பெற்று அண்ணனூரில் வீட்டோடு இருந்தவனைத் திரும்பக் கூப்பிட்டு, சுற்றுச்சூழல் வழக்குகளை மட்டும் நடத்தித் தரும்படி கேட்டிருந்தார்கள். அவற்றை இளைஞர்கள் யாரும் விரும்பி எடுப்பதில்லை. கொலை வழக்கு என்றால் நாளிதழில் பெயர் வரும். ஏரியில் கட்டட இடிபாட்டைக் கொட்டியவன், பழைய பேட்டரியைக் காய்ச்சி ஊரையே இருமவைத்தவன், கழிவைக் கால்வாயில் திறந்துவிட்டவன், இவர்களைப் பற்றிய வழக்கில் பாதி நேரம் ஆய்வக அறிக்கையை வாசிப்பதிலேயே போய்விடும். நீதிமன்றத்தில் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். எனக்கு அது ஒத்துவந்தது. அறிக்கையில் எண்கள் இருக்கும்.

இந்த வழக்கு கோவில்பதாகைக்கு அப்பால், வயலை மனையாக்கி விற்ற இடத்தில் இருந்த ஒரு தகரக் கொட்டகையைப் பற்றியது. பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே இரும்புச் சாமான்களுக்குக் குரோமிய முலாம் பூசினார்கள். தொட்டியில் மிஞ்சும் கழிவைக் காலை வேளைகளில் மழைநீர்க் கால்வாயில் விட்டார்கள். சுற்றியிருந்த எட்டுத் தெருக்களிலும் போர் தண்ணீர் மஞ்சளாக வந்தது. பள்ளிக்கூடச் சட்டைகளை எத்தனை முறை துவைத்தாலும் வெள்ளையாகவில்லை என்று அங்கிருந்த பெண்கள் சேர்ந்து புகார் எழுதினார்கள். புகாரோடு ஒரு சட்டையையும் மடித்து இணைத்திருந்தார்கள். நான் நடத்திய வழக்குகளில் சட்டை இணைப்பாக வந்தது அது ஒன்றுதான்.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் பொறியாளரும், ஒரு கள உதவியாளரும் ஒருநாள் காலையில் அங்கே போய், கழிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடித்தார்கள். கொட்டகை மேலாளரைக் கூப்பிட்டு, அவர் கண்முன்னால் எட்டுப் பாட்டில்களில் தண்ணீரை நிரப்பினார்கள். இதற்கு ஒரு முறை உண்டு. பாட்டிலின் வாயில் காகிதம் சுற்றி அதில் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அதன்மேல் நூலைக் கட்டி, அரக்கை உருக்கி ஊற்றி, சூடு ஆறுவதற்குள் அலுவலகத்தின் பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். அதே முத்திரையைத் தனியாக ஒரு தாளிலும் பதித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். பாட்டிலில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஆய்வகம் ஒப்பிட்டுப் பார்க்கும். வழியில் யாரும் தண்ணீரை மாற்றவில்லை என்பதற்குச் சட்டத்துக்கு அந்த முத்திரைதான் உத்தரவாதம். எட்டில் நான்கை ஆய்வகம் உடைத்துச் சோதித்தது. மீதி நான்கு சீல் கலையாமல் நீதிமன்றத்துக்கு வந்து, இரண்டு வருடம் அந்த மரப்பெட்டியில் கிடந்தன.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கணக்கு சரியாக இருந்தது. மூடப்போகும்போது ஜன்னல் வெளிச்சம் ஒரு பாட்டிலின் அரக்கில் விழுந்தது. அலுவலக முத்திரை என்றால் நடுவில் சிங்கமும் சுற்றிலும் எழுத்தும் இருக்க வேண்டும். இதில் பச்சைப்பயறு அளவுக்கு ஒரு சிலுவை இருந்தது. அதன் வலது கை பாதி தேய்ந்திருந்தது. மற்ற மூன்றையும் திருப்பிப் பார்த்தேன். மூன்றிலும் அதே சிலுவை, அதே தேய்ந்த கை. வழக்குக் கட்டைப் பிரித்து மாதிரி முத்திரைத் தாளை எடுத்தேன். அங்கேயும் சிலுவை. ‘முத்திரைகள் ஒத்துப்போகின்றன’ என்று ஆய்வகம் எழுதியிருந்தது. உண்மைதான், ஒத்துத்தான் போயின. அது யாருடைய முத்திரை என்று இரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கள உதவியாளரை நான்கு வழக்குகளில் பார்த்திருக்கிறேன். கத்தோலிக்கர், ஆவடிப் பக்கம் குடியிருப்பு. பேசும்போது இடது கையை ஆட்டிப் பேசுவார். அந்தக் கையில் மோதிரம் மின்னும்.

சாட்சி சொல்ல வருகிறவருக்கு, அவர் முன்பு கொடுத்த வாக்குமூலத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அதற்காக அவரை வரச்சொன்னேன். நீதிமன்றத் தாழ்வாரத்து பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். வாசித்துக்கொண்டே வந்து, ‘அலுவலக முத்திரையிட்டு’ என்ற இடத்தில் நிறுத்தினேன்.

“இந்த இடம் சரியா இருக்கா?”

“சரிதான் சார்.”

“இடது கையைக் காட்டுங்க.”

காட்டவில்லை. வலது கையால் மூடிக்கொண்டார். எதிரே ஒரு காக்கை குப்பைத் தொட்டியைக் கிளறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்துட்டியா சார் நீ?” என்றார். என்னை எப்போதும் ‘நீங்க’ என்பவர்.

“நாலு பாட்டில்லயும் பார்த்தேன்.”

“ரெண்டு வருசமா ஒருத்தன் கண்ல படல. நீங்க இன்னா சார், பூதக்கண்ணாடி வச்சிகினு சுத்தறீங்க?”

“முத்திரை எங்கே போச்சு?”

“பீரோவுல மாட்டிக்கிச்சு. சாவி லீவுல போன சூப்ரண்டு கையில. ஜீப்புல குந்துனப்பறம்தான் எனக்கு ஞாபகமே வந்துச்சு.”

“பொறியாளரம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?”

“இன்னான்னு சொல்றது? அந்தப் பொண்ணு வேலைக்கு வந்து மூணு மாசம் சார். கொயாலேர்ந்து மஞ்சத் தண்ணி ஊத்திகினு கீது. ஆபீஸுக்குத் திரும்பிப் போயி வர்றதுக்குள்ள அத்த அடச்சிட்டு ஒண்ணியும் தெரியாத மாரி நிப்பானுங்க. மெழுகுவத்தி எரியுது. அரக்கு உருகிகினு கீது. மேனேஜரு மொறச்சிகினு நிக்கறான். மேடம் அந்தாண்ட திரும்பி எழுதிகினு இருந்துச்சு. டக்குனு வச்சிட்டேன்.”

“சுட்டிருக்குமே!” என்றேன். வழக்கறிஞன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது இல்லை.

“பாட்டிலுக்கு ஒரு தபா. எட்டு தபா சுட்டுது.”

“ஒன்பது. மாதிரித் தாளைச் சேர்த்தா.”

“சரி, ஒம்போது.” சிரித்துவிட்டார். பிறகு மோதிரத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: “இது சாதா மோதிரம் இல்ல சார். கண்ணாலத்தன்னிக்கி ஃபாதர் மந்திரிச்சது. ஆபீஸ் முத்திரய யாரு மந்திரிச்சா?”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு இன்னும் நாலு மாசம்தான் சார் சர்வீசு. பாட்டில் கய்வற வேலையில சேந்து முப்பத்தாறு வருசம். ஒரு மெமோ வாங்கினதில்ல. கூண்டுல ஏறி மோதிரம்னு சொன்னேன்னு வச்சிக்கோங்க, கடைசி நாளு சாயங்காலம் கைல இன்னா குடுப்பானுங்கன்னு உங்களுக்கே தெரியும்.”

தெரியும். அரசு வேலையில் இருந்த எவருக்கும் அந்தப் பயம் தெரியும். விசாரணை பாக்கி இருந்தால், ஓய்வு பெறும் நாளன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்து சேரும். மாலையும் சால்வையும் வாங்கி வைத்த பிறகு, வந்த உறவினர்கள் வாசலில் நிற்கும்போது வரும். ஓய்வும் கிடையாது, வேலையும் கிடையாது. விசாரணை முடியும்வரை வருடக்கணக்கில் இரண்டுக்கும் நடுவே தொங்க வேண்டியதுதான்.

“கூண்டில் ஏறிப் பொய் சொல்லுங்கன்னு நான் சொல்ல முடியாது,” என்றேன்.

“நீங்க சொல்ல வாணாம். கேக்காம வுட்டுடுங்க. நீங்க கேட்டாத்தான சார் நான் சொல்லணும்?”

அவர் சொன்னது சரி. எந்த முத்திரை என்று நான் கேட்காமலே விசாரணையை முடித்துவிடலாம். தண்ணீர் எடுத்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிய மகஜரில் ‘அலுவலக முத்திரை’ என்று அச்சடித்தே இருக்கிறது. அந்தத் தாளே பேசிக்கொள்ளும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர்தான், ஆனால் பெட்டிகளைக் குனிந்து பார்க்கிற ஆளில்லை.

விசாரணைக்கு மூன்று நாள் இருந்தது. இரண்டாம் நாள் காலை வீட்டில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கினேன் என்பதைவிட, எண்ணினேன் என்பது சரி. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவி, அதைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

“கேட்டா அவருக்கு என்ன ஆகும்?”

“மெமோ வரும். கடைசி நாள்ல நிறுத்திவைச்சாலும் வைப்பாங்க.”

“கேக்காட்டி?”

“எதிர்த்தரப்புக்காரர் பெட்டியைப் பார்த்தாரானா வழக்கும் போச்சு, இவரும் போனார். பார்க்கலேன்னா யாருக்கும் ஒண்ணும் இல்லை.”

“அவர் பார்ப்பாரா?”

“பார்க்க மாட்டார்.”

அவள் குக்கரை மூடி, அடுப்பில் வைத்து, தீயைச் சரிசெய்தாள். “ஆனா நீங்க பார்த்துட்டீங்களே,” என்றாள். கண்டிப்பாகச் சொல்லவில்லை. பாவம் என்பதுபோலச் சொன்னாள்.

அன்று மாலையே உதவியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். “நான் கேட்கத்தான் போறேன். முதல்லயே கேட்டுடறேன். அவங்க கண்டுபிடிச்சு உங்களை மடக்கறதும், நாமே சொல்றதும் ஒண்ணில்லை. மெமோ வந்தா பதில் நான் எழுதித் தரேன். கடைசி வரைக்கும் கூட இருக்கேன்,” என்றேன். வேறு என்னென்னவோ சொன்னேன். பதற்றத்தில் எனக்குப் பேச்சு நீளும். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வச்சிடட்டா சார்?” என்று மட்டும் கேட்டார்.

விசாரணை நாளன்று எனக்கு முன்னாலேயே வந்து தாழ்வாரத்தில் நின்றார். வெள்ளைச் சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம். முதல் வேலையாக அவர் கையைப் பார்த்தேன். மோதிரத்துக்குப் பக்கத்தில் தோல் சிவந்திருந்தது.

“நேத்து காட்டுப்பாக்கத்துல பட்டறைக்குப் போனேன் சார்,” என்றார் அவராகவே. “கைய வுட்டுக் கயட்ட முடியாது, இறுகிப்போச்சு. அறுக்கலாம்னு போனேன். மோதிரமே இல்லன்னா பேஜாரும் இல்ல பாருங்க. அவன் சின்ன ரம்பத்த வச்சி ரெண்டு இழுப்பு இழுக்கறதுக்குள்ள கைய எட்துகினேன். ‘இன்னா நைனா, பயமா?’ன்றான். ‘இல்லடா, ஊட்ல ஒரு வார்த்த கேட்டுகினு வர்றேன்’னு வந்துட்டேன்.”

“கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘நீ மோதிரத்த அறு, நான் தாலிய அறுத்து உன் கைல குடுத்துடறேன், ரெண்டும் சரியாப் பூடும்’னு சொல்லிச்சு.” சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். “முப்பத்திமூணு வருசமா அது சொன்னத நான் தட்டினதில்ல சார்.”

கூண்டில் ஏறினார். பெயர், வயது, வேலை. தண்ணீர் எடுத்த விவரம். அதற்கப்புறம் நான் கேட்டேன்.

“அரக்கு வைத்த பிறகு எந்த முத்திரையைப் பதித்தீர்கள்?”

என்னைப் பார்த்தார். நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். பதினொன்றுவரை போனது.

“ஆபீஸ் முத்திர எட்த்துகினு போகல சார். மறந்துட்டேன். என் மோதிரத்ததான் வச்சேன்.”

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைத்தான் முதலில் பார்த்தார். ‘உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?’ என்று கேட்கிற பார்வை அது. பிறகு எழுந்தார்.

“அப்போ மகஜர்ல ‘அலுவலக முத்திரை’ன்னு இருக்கறது பொய்?”

“அது அச்சடிச்ச தாளு சார். நான் படிச்சுப் பாக்கல.”

“படிக்காமலே கையெழுத்துப் போட்டுடுவீங்க?”

“பேங்க்குல நீங்க அத்தினி தாள்ல போடறீங்களே, படிச்சிட்டா சார் போடறீங்க?”

பின் வரிசையில் சிரித்தார்கள். நடுவர் பேனாவால் மேசையைத் தட்டினார். “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

“தப்புதான் ஐயா. படிச்சிருக்கணும்.”

வழக்கறிஞர் கூண்டுக்கு அருகே போனார். “இது உங்க சொந்த மோதிரம். உங்க வீட்ல குளிக்கும்போது கழட்டி வைப்பீங்க, எவன் வேணா எடுத்திருக்கலாம். எத்தனை பாட்டிலுக்கு வேணா சீல் வச்சிருக்கலாம். சரிதானே?”

“கயட்ட முடியாது சார்.”

“ஏன் முடியாது?”

“வராது. இருவது வருசமா வரல. கை பெருத்துப்போச்சு.”

“கழட்டிக் காட்டுங்க, பார்ப்போம்.”

அவர் இழுத்தார். மோதிரம் விரல் முட்டிவரைகூட வரவில்லை. வழக்கறிஞர் விடவில்லை, எண்ணெய் போட்டால் வரும் என்றார். நடுவர் நீதிமன்ற ஊழியரான டவாலியைப் பார்த்தார். டவாலி உள்ளே போய், சாமி படத்துக்கு விளக்கேற்ற வைத்திருந்த தேங்காய் எண்ணெயைக் கிண்ணத்தோடு கொண்டுவந்தார். உதவியாளர் விரலில் எண்ணெய் தடவித் திருகினார். வழக்கறிஞர், “இன்னும் கொஞ்சம் அழுத்தி, இன்னும் கொஞ்சம்,” என்று, பிடிவாதக்காரக் குழந்தைக்குச் சட்டை மாட்டுகிறவர்போலப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அவரே கையை நீட்டிப் பிடித்து இழுத்தார். உதவியாளர், “அண்ணாத்தே, வலிக்குது!” என்று கத்திவிட்டார். முட்டி ரத்தமாகச் சிவந்தது.

“போதும்,” என்றார் நடுவர். “மோதிரம் வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.”

மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு தாளில் அரக்கை உருக்கி ஊற்றி, அங்கேயே மோதிரத்தைப் பதிக்கச் சொன்னார். பெட்டியிலிருந்த நான்கு பாட்டில்களையும் வரவழைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாக ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். தேய்ந்த கை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது.

“அப்படியானால் இவரே பாட்டில்களைத் திறந்து மறுபடி சீல் வைத்திருக்கலாமே,” என்றார் வழக்கறிஞர். நல்ல கேள்வி. அதற்குப் பதில் அரக்குக்கு அடியில் இருந்தது. கொட்டகை மேலாளர் கையெழுத்துப் போட்ட காகிதம் அரக்கோடு ஒட்டிப் பாட்டிலின் வாயைச் சுற்றியிருந்தது. யார் திறந்திருந்தாலும் அது கிழிந்திருக்கும். நான்கிலும் கிழியவில்லை. குறுக்கு விசாரணை முடிந்து என் முறை மறுபடி வந்ததும் அதை மட்டும் காட்டிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்து வந்த பெண் பொறியாளர், தான் முத்திரையைப் பார்க்கவில்லை, பார்த்திருக்க வேண்டும் என்று கண் கலங்கச் சொன்னார்.

உதவியாளர் கூண்டிலிருந்து இறங்கி, எண்ணெய்க் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரித்துப் பிடித்தபடி நின்றார். என் கைக்குட்டையைக் கொடுத்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் போகிற போக்கில் என் தோளைத் தொட்டு, “சீனியர், வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே,” என்றார். எனக்கும் தெரியும் என்றேன்.

கொட்டகைக்காரருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. எத்தனை வாய்தா என்று இப்போது எண்ணுவது வேறு ஒருவர் வேலை. கொட்டகையைப் பூட்டிவிட்டார்கள். அந்தக் கால்வாயில் இப்போது சாதாரணச் சாக்கடைத் தண்ணீர் ஓடுகிறது. எங்கள் தொழிலில் சாதாரணச் சாக்கடை என்பது நல்ல செய்தி.

அவருக்கு மெமோ வந்தது. எதிர்பார்த்ததுதான். கையில் வாங்கிய அன்றே அண்ணனூருக்கு ரயிலேறி வந்துவிட்டார். கூடத்தில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் பதில் எழுத ஆரம்பித்தேன். சூழ்நிலை, அவசரம், கழிவை உடனே பிடிக்காவிட்டால் தடயம் அழிந்திருக்கும் என்ற நிலை, முப்பத்தாறு வருட மாசற்ற பணி. நான்கு பக்கம் வந்தது. வாசித்துக் காட்டினேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டார்.

“நல்லாக்கீது சார். யாரு இந்த ஆளு?” என்றார்.

“நீங்கதான்.”

“நானு இப்டிலாம் பேச மாட்டேன். படிச்சா எவனோ எய்திக் குடுத்தான்னு தெரிஞ்சிடும். முத்திர எட்த்துகினு போக மறந்துட்டேன், மோதிரத்த வச்சேன், மேடம் கைல சொல்லல, தப்புதான், அந்தப் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்ல. அவ்ளோதான் சார் நடந்துது.”

நான்கு பக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு அதையே எழுதினேன். ஆறு வரி. கையெழுத்துப் போட்டார். என் மனைவி அவருக்குத் தோசை வார்த்துப் போட்டாள். அவர் போன பிறகு, அவருக்குத் தெரியாமல் அந்த நான்கு பக்கத்தையும் என் பெயரில் கடிதமாக மாற்றி, அவருடைய மேலதிகாரிக்கு அனுப்பினேன். அனுப்பியதிலிருந்து, அது உதவுமா, எரிகிற தீயில் எண்ணெயாகிவிடுமா என்ற கவலை பிடித்துக்கொண்டது. அதிகாரிகளுக்கு வெளியாள் கடிதம் எழுதுவது பிடிக்காது. ஒரு பதிலும் வரவில்லை.

ஓய்வு நாள் வந்தது. அவர் என்னை அழைக்கவில்லை. யாரையுமே அழைக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. நானாகப் போனேன். அம்பத்தூரில் அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி நான்கு ஐம்பது. ஐந்தே முக்காலுக்கு மூடுவார்கள். ஐம்பத்தைந்து நிமிடம். உடன் வேலை பார்த்தவர்கள் மாலை வாங்கி வைத்திருந்தார்கள். ஆனால் அதைப் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை. தற்காலிகப் பணிநீக்க ஆணை வந்தால் மாலையை என்ன செய்வது என்ற தயக்கம். மெமோவுக்கு இன்னும் முடிவு சொல்லவில்லை என்றார்கள். கண்காணிப்பாளர் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தார்.

உதவியாளர் தன் மேசையில் உட்கார்ந்து காலிப் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். அன்று அதற்கு அவசியமே இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார், எழுந்து வரவில்லை. வாசல் பெஞ்சில் ஒரு பெண்மணி, மடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார். நீலப் புடவை, நெற்றியில் ஒன்றுமில்லை. உதவியாளரின் மனைவி என்று ஊகித்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நீங்கதான அந்த வக்கீலு?” என்றார்.

“ஆமாம்மா.”

“உங்களாலதான் இம்மாம் பேஜாரு.”

“ஆமாம்மா.”

“கேக்காம வுட்டிருக்கலாம்ல?”

“விட்டிருக்கலாம்.”

பதிலுக்கு நான் ஏதாவது வாதாடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்போல. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். “கோர்ட்டுக்குப் போறதுக்கு மின்னாடி மூணு நாளா சோறு எறங்கல அதுக்கு. மெமோ வாங்குன அன்னிக்கி ஊட்டுக்கு வந்து ரெண்டு தட்டு துன்னுச்சு. இன்னா மனுசனோ.” டிபன் கேரியரின் பிடியை இறுக்கிக்கொண்டார். “நீங்க எதுனா சாப்டீங்களா?”

சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

ஐந்தரை. ஐந்து முப்பத்தொன்பது. வாசலில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கழுத்தைத் திருப்பினோம். அந்த அம்மாளின் உதடு அசைந்தது; செபம் சொல்கிறார் என்று புரிந்தது. என்னிடம் கைக்கடிகாரம் மட்டும்தான் இருந்தது. ஐந்து நாற்பத்து மூன்றுக்குக் கண்காணிப்பாளரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கையில் பழுப்பு உறை. எங்களைத் தாண்டி நேராக உள்ளே போனார். அந்த அம்மாள் எழுந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

கண்காணிப்பாளர் மூச்சு வாங்கிக்கொண்டே உறையைப் பிரித்தார். இரண்டு தாள் இருந்தது. எனக்கு இரண்டு என்ற எண்ணே பயமாக இருந்தது.

“ஒண்ணு கண்டிப்பு,” என்றார். “இனிமே இப்படிச் செய்யாதீங்கன்னு எழுதியிருக்காங்க.”

“இனிமேவா?” என்றார் யாரோ.

“இன்னொண்ணு விடுவிப்பு ஆணை. இன்னிக்குப் பிற்பகல் முதல். போங்கய்யா, மாலையை எடுங்க, எவ்வளவு நேரம் பைக்குள்ளயே வச்சிருப்பீங்க?”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாலையைக் கழுத்தில் போட்டார்கள். உதவியாளர் லேபிள் பசை ஒட்டிய விரல்களோடு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதுவும் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கண்காணிப்பாளரை அண்ணாந்து பார்த்து, “அப்ப நாளைக்கு எத்தினி மணிக்கு வரட்டும் சார்?” என்று கேட்டார்.

அவர் மனைவிதான் முன்னால் போய், டிபன் கேரியரை மேசைமேல் வைத்தார்.

“நாளைக்கி நீ எங்கயும் வர வாணாம். ரேசன் கடைல வரிசைல நிக்கணும், ஆறு மணிக்கி எந்திரி,” என்றார். சொல்லிக்கொண்டே, புடவைத் தலைப்பால் அவர் விரல்களிலிருந்த பசையை ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.